ஒரே வாளி

“என்ர பாலுக்கு மட்டும் ஏன் அண்ணை மீற்றர் போடுறியள்? சுரேகா கொண்டாறது மட்டும் காமதேனுவின்ர பாலோ?”

கனகராயன்குளத்தில், வீதியோரத் தேநீர்க் கடையில் நின்று நேசமலர் கேட்டாள். முதலாளி பரமேஸ்வரன் பாலின் தரம் பார்க்கும் மீற்றரைக் கையில் வைத்திருந்தார்.

மூன்று வருடமாக இங்கே பால் கொடுப்பவள் அவள். சுரேகா வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆனால் சுரேகாவின் பால் ஒரு கேள்வியும் இல்லாமல் கடை வாளிக்குள் போகும். நேசமலரின் பாலை மட்டும் அளந்து பார்த்து, தனிப் பாத்திரத்தில் ஊற்றி உள்ளே அனுப்புவார். இன்றும் சுரேகா பாலை ஊற்றிவிட்டு, சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறிப் போனாள். பார்த்த நேசமலருக்கு வயிறு பற்றி எரிந்தது.

“தங்கச்சி, அதுக்கொரு காரணமிருக்கு…”

“காரணம் எனக்குத் தெரியும். நான் தண்ணி கலப்பன் எண்டு நினைக்கிறியள். அவளை நம்புறியள், என்னை நம்பேல்லை!”

“ஐயோ, சொல்லுறதைக் கேளும்…”

“கேக்கமாட்டன். அவளின்ர பால் போற வாளியிலதான் என்ர பாலும் போகவேணும். இல்லாட்டி நாளைக்கு வரமாட்டன்.”

தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பரமேஸ்வரன் மீற்றரை வைத்துவிட்டு, அவளுடைய பாலைக் கடை வாளிக்குள் ஊற்றினார்.

அப்போதுதான் அவளுக்கு வயிறு குளிர்ந்தது. வெளியே குழாயடிக்குப் போய்ப் பால் கொண்டுவந்த கானைக் கழுவத் தொடங்கினாள். கடைக்குள் பரமேஸ்வரனின் மனைவி பிரஷாந்தினியின் குரல் கேட்டது.

“எங்கையப்பா பால்? சின்னவள் பசியில அழுறாள்.”

“நேசமலரின்ர பாலையும் வாளிக்க விட்டிட்டன். சுரேகாவுக்குச் செய்யிற மாதிரித்தான் தனக்கும் செய்யவேணுமாம்.”

“ஐயோ! சுரேகாவின்ர பாலில பாதி தண்ணியெல்லே?”

“தேத்தண்ணிக்கு அது காணும், அதை ஏன் அளப்பான்? நம்பிப் பிள்ளைக்குக் குடுத்தது நேசமலரின்ர பால் ஒண்டுதான். அது அவ்வளவு தடிப்பான பால், எவ்வளவு தண்ணி விட்டால் பிள்ளைக்குச் செமிக்கும் எண்டு பாக்கத்தானே மீற்றர் போட்டனான்!”