காலடி மண்

பழங்காலக் கிரேக்க நகரம் ஒன்றின் படை போர்க்களத்தில் சிதறி ஓடியபோது, தெரோன் ஒருவன்தான் கேடயத்தைத் தாழ்த்தாமல் நின்றான். அவனைப் பார்த்து மற்றவர்களும் திரும்பி வந்தார்கள், போரில் வென்றார்கள். ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. சந்தைத் திடலில் அறம் பேசும் தத்துவ ஆசிரியரிடம் மட்டும் அவன் உண்மையைச் சொன்னான்.

"ஐயா, ரெண்டு காலும் சேத்துல புதைஞ்சுபோச்சு. இல்லேன்னா நான்தான் முதல்ல ஓடியிருப்பேன்."

அவர் சிரிக்கவில்லை. "வீரமும் பழக்கந்தான்பா. நின்னு நின்னுதான் வரும்."

அடுத்த போரில் அவனை முன்வரிசையில் நிறுத்தினார்கள். தரை காய்ந்து வெடித்துக் கிடந்தது. எதிரிகளின் ஈட்டிகள் மேட்டில் தெரிந்தன. தெரோன் தன் தோல்பையில் இருந்த குடிதண்ணீர் முழுவதையும் காலடியில் ஊற்றி, மண்ணை நிதானமாக மிதிக்கத் தொடங்கினான்.