மூன்றாம் வரியில் ஒரு குரல்

பொன்னுத்துரைக்குப் பாட வராது. கண்டி டவுனில் அந்தத் தமிழ்ச் சபைக்குப் போய்வந்த எல்லோருக்கும் இது தெரியும். அவர் ஒருவருக்குத்தான் தெரியாது போலிருந்தது.

வராதென்றால் வாயை மூடிக்கொண்டு நிற்கலாம் அல்லவா? மனுசன் அப்படியில்லை. ஞாயிறு ஆராதனையில் ஓர்கன் தொடங்கியதுதான் தாமதம், கூரை அதிரப் பாடுவார். அதிலும் அவருக்குப் பிடித்த ஒரு கீர்த்தனை இருந்தது. அதன் மூன்றாம் வரியில் சபை முழுக்க மேலே ஏறும்போது இவர் மட்டும் கீழே இறங்குவார். முன் வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்கும் மனைவி இரத்தினம்மாவுக்கு, நிலம் பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருக்கும்.

மற்றபடி அவரில் ஒரு குறை சொல்ல ஏலாது. கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர் வேலை. குடி இல்லை, சிகரெட் இல்லை. அம்பிட்டியவில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நேரே வீடு. விடிய எழும்பி, முழங்காலில் நின்று பிள்ளைகள் மூவரையும் பெயர் சொல்லி ஜெபித்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார். பிள்ளைகள் கொழும்பு, லண்டன் என்று போன பிறகும் அந்தப் பெயர்களை ஒரு நாள்கூட விட்டதில்லை.

இரத்தினம்மா 1962இல் கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது, அவர் பாடகர் குழுவில் நின்றார். இரண்டு மாதத்தில் அதை விட்டுவிட்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். புதுப் பெண்டாட்டி மேல் ஆசை என்று அவளும் பூரித்துத்தான் போனாள், அவர் வாயைத் திறக்கும்வரை. குழுவிலிருந்து அவரை ஏன் விலத்தினார்கள் என்று அவள் பிறகு யாரிடமும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது.

அவளுக்கோ பாட்டென்றால் உயிர். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஒரு கீர்த்தனை விடாமல் மனப்பாடம். வீட்டு ஜெபத்தில் அவர் வேதம் வாசிப்பதோடு சரி. "நீர் பாடும், நான் கேக்கிறன்" என்று கண்ணை மூடிக்கொள்வார். அவள் பாடி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் திறக்க மாட்டார். வீட்டில் இருக்கிற இந்தப் புத்தி சேர்ச்சில் எங்கே போய்விடுகிறது என்று அவளுக்கு ஆத்திரமாக வரும்.

ஒரு நாள் கேட்டும் விட்டாள். "உங்களுக்கு வெக்கமே இல்லையோ? கொஞ்சம் மெல்லமாப் பாடினால் என்ன?"

"ஆண்டவர் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே," என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடு முப்பத்துநாலு வருசம் ஓடிப்போனது.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை.

அதற்குப் பிறகு அம்பிட்டிய வீட்டில் பாட்டுச் சத்தமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்க ஆளில்லாத வீட்டில் யாருக்குப் பாடுவது? அவர் உட்காரும் கதிரையை இரத்தினம்மா நாள் தவறாமல் துடைத்து வைத்தாள். அந்தப் பிழைப் பாட்டை இன்னும் ஒரேயொரு தரம் கேட்கக் கிடைத்தால், மிச்ச ஆயுசைக் கொடுத்துவிடலாம் போலிருந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு ஆராதனைக்கு என்ன பாட்டு என்று பாடகர் குழுவை நடத்தும் தனபாலன் மாஸ்டர் கேட்டார். அவள் அந்தக் கீர்த்தனையைத்தான் சொன்னாள். ஒரு தரமாவது அது பிழையில்லாமல் அவருக்காக ஒலிக்க வேண்டும், அதைத் தானும் நின்று பாட வேண்டும் என்றாள். மாஸ்டர் ஏனோ தயங்கினார். களைத்துப்போயிருக்கிறீர்கள், குழு மட்டும் பாடட்டுமே என்று சொல்லிப் பார்த்தார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

ஓர்கன் தொடங்கியது. பக்கத்து இடத்தில் அவருடைய பாட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டு, இரத்தினம்மா வாய்விட்டுப் பாடினாள். முதல் வரி முடிந்தது. இரண்டாம் வரி முடிந்தது. மூன்றாம் வரியில் சபை மேலே ஏறியது.

ஒரு குரல் கீழே இறங்கியது.

அதே இடம், அதே இறக்கம். அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வந்துவிட்டார் என்றே நினைத்துப் பக்கத்தில் திரும்பினாள். புத்தகம் மட்டும் இருந்தது. திரும்பின வேகத்தில் அவள் பாட்டை நிறுத்தியிருந்தாள். அந்தக் குரலும் நின்றுபோயிருந்தது.

ஆராதனை முடிந்து எல்லோரும் தேத்தண்ணியோடு நிற்கையில், அவள் மாஸ்டரைத் தேடிப் போனாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள்.

"கேட்டீங்களோ மாஸ்டர்? இவ்வளவு வருசம் பக்கத்திலை நிண்டு, அவரின்ர பிழை எனக்கும் தொத்திப்போட்டுது. பரவாயில்லை. அவர் விட்டிட்டுப் போனதிலை இதாவது என்னோட இருக்கட்டும்."

தனபாலன் மாஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார். சொல்லாதே என்று வாக்கு வாங்கியவன் போய்விட்டான். இனியும் மறைத்தால் அவனுக்குத்தான் அநியாயம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"தங்கச்சி, இந்தச் சேர்ச்சிலை பொன்னுவைப் போலை ஒரு பாட்டுக்காரன் அவனுக்கு முதலும் இல்லை, பிறகும் இல்லை," என்றார். "நீங்கள் வந்த புதுசிலை, உங்களை மெல்லமாப் பாடச் சொல்லு எண்டு நான்தான் அவனிட்டைப் போய்ச் சொன்னனான். அண்டைக்கு அவன் என்ன சொன்னவன் தெரியுமோ? 'பாட்டெண்டால் அவவுக்கு உயிர், மாஸ்டர். அவவிட்டை ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. வாற ஞாயிறிலை இருந்து நானும் பக்கத்திலை நிண்டு பாடுறன். பிழை விடுறது ஆர் எண்டு கேட்டால், என்னைக் காட்டுங்கோ.'"