மருமகளுக்கு மட்டும்

"இன்னும் ரெண்டு பாதாம் எடுத்துக்கோம்மா. உடம்பு தேற வேணாமா?" என்று சம்பந்தியம்மா தட்டை வெண்ணிலாவின் பக்கம் தள்ளினாள்.

சின்னபொண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. முகையூரிலிருந்து கிளம்பி, விழுப்புரத்தில் பஸ் மாறி, மகளைப் பார்க்கத் திண்டிவனம் வந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. தட்டில் தோலுரித்த பாதாம், நெய்யில் வறுத்த முந்திரி, பிஸ்தா, இன்னும் பேர் தெரியாத ஏதோ ஒரு கொட்டை. தான் பையில் கொண்டுவந்த மல்லாட்டையை, வெறும் வேர்க்கடலையை, வெளியே எடுக்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

வெண்ணிலாவுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான். சின்னபொண்ணின் புருஷன் அப்பாதுரை ஒண்டியாக வந்து பேசி முடித்த சம்பந்தம். குண்டுமணித் தங்கம் கேட்கவில்லை; மண்டபச் செலவைக்கூட அவர்களே பார்த்துக்கொண்டார்கள். கூலிக்காரன் வீட்டுப் பெண்ணுக்கு இப்படி ஒரு வாழ்வா என்று ஊரே வாயைப் பிளந்தது.

மாப்பிள்ளை செல்வகுமார் வந்து உட்கார்ந்து, ஒரு முந்திரிக்குக் கை நீட்டினான். அவன் அம்மா பட்டென்று கையைத் தட்டிவிட்டாள்.

"இது அவளுக்குடா. குருமாவுலயும் முந்திரி அரைச்சு ஊத்தியிருக்கேன், அதையும் தொடாத. உனக்கு இட்லி வச்சிருக்கேன்."

அவன் எழுந்து போனான். பெற்ற பிள்ளையைவிட மருமகள் ஒசத்தியா! சின்னபொண்ணு மலைத்துப் போனாள்.

சம்பந்தியம்மா அடுப்பைப் பார்க்கப் போனதும், சின்னபொண்ணு ஒரு முந்திரியை வாயில் போட்டுக்கொண்டு மகளை நெருங்கி உட்கார்ந்தாள். "எத்தினி நாள்டி தள்ளிப் போயிருக்கு? ஒரு போன் பண்ணிச் சொல்லக் கூடாதா?"

வெண்ணிலா சிரிக்கவில்லை. "அதெல்லாம் இல்லம்மா. எனக்கு ரத்தம் கம்மியா இருக்குதாம். ஏறினாத்தான் ஆபரேஷன் பண்ணுவாங்களாம்."

"ஆபரேஷனா? உனக்கு என்னாடி?"

"எனக்கு ஒண்ணுமில்ல. அவருக்குத்தான் ரெண்டு கிட்னியும் போயிட்டுது. வாரத்துல மூணு நாள் ஆஸ்பத்திரில டயாலிசிஸ் பண்ணிக்கினு வர்றாரு. என்னுதுல ஒண்ணை எடுத்து அவருக்கு வைக்கப் போறாங்க."

வாயிலிருந்த முந்திரியைச் சின்னபொண்ணால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. எழுந்து மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கெளம்புடி, ஜல்தி! மறைச்சு கட்டி ஏமாத்திட்டாங்களே பாவிங்க! உங்கப்பா காதுல மட்டும் விழட்டும், இந்த ஊட்டை ரெண்டாக்கிடுவாரு."

வெண்ணிலா மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே அப்பாவுக்குத் தெரியும்மா."