புள்ளி பூஜ்யம் ஏழு நத்தை

வெள்ளைப் பலகையில் 62.07 என்று எழுதிவிட்டுக் கணக்குப் பேராசிரியர் தள்ளி நின்று பார்த்தார்.

"அறுபத்திரண்டு நத்தை, சரி. மிச்சம் புள்ளி பூஜ்யம் ஏழுன்னு ஒண்ணு தொங்குதே, அது என்ன சார்? வாலா, கொம்பா?" என்றார் பொருளாதாரப் பேராசிரியர்.

கணக்குப் பேராசிரியர் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு உங்கள் பக்கம் எத்தனை பேர் வருவார்கள் என்று மாமனார் கேட்டபோது, நானூற்றுப் பன்னிரண்டு புள்ளி ஆறு என்று சொல்லி, பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று அந்த மனிதரை இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்தவர் அவர். உயிரே போனாலும் தசமத்தை விடமாட்டார்.

இது நாலு துறைகள் சேர்ந்து எழுதுகிற அறிக்கை. இன்று நாலு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

வளாகத்துக்குப் பின்னால் இருக்கிற தோப்பை வெட்டிவிட்டு அங்கே ஒரு கட்டடம் கட்டப் போகிறார்கள். அழிந்துவரும் உயிர்களை எப்படிக் காப்பாற்றுவது என்று ஆராய்வதற்கான கட்டடம்.

குறுக்கே நின்றது ஒரு நத்தை. கட்டைவிரல் நகம் அளவுதான். அந்தத் தோப்பை விட்டால் அதற்கு வேறு போக்கிடம் கிடையாது.

நத்தை முந்நூறுக்கு மேல் இருந்தால் தோப்பை வெட்டலாம். குறைந்தால் ஒரு கிளையைக்கூடத் தொடக் கூடாது.

போன மாதம் விலங்கியல் மேடம் அறுபது நத்தைகளைப் பிடித்து, ஒவ்வொன்றின் ஓட்டு உச்சியிலும் ரோஸ் நிற நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்து, திரும்பத் தோப்பிலேயே விட்டார். நேற்று மாலை தோட்ட ஆட்கள் மழையில் நனைந்துகொண்டே மறுபடி அறுபது பொறுக்கி வந்தார்கள். அதில் பொட்டு வைத்தவை கொஞ்சமாக இருந்தால், தோப்பில் நத்தை ஏராளம். பெரும்பாலும் அவையே திரும்ப வந்தால், இருப்பதே அவ்வளவுதான்.

இரவு முழுவதும் நத்தைத் தட்டுகள் வனவியல்காரர் அறையில் பூட்டிக் கிடந்தன. காலையில் மேடம் வந்து மேலாகப் பார்த்து எண்ணினார். அறுபதில் ஐம்பத்தெட்டுக்குப் பொட்டு.

தோப்பு பிழைத்தது.

பொருளாதாரப் பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. "அபூர்வம்னு ஆயிட்டா ஒரு நத்தைக்கு என்ன மதிப்பு தெரியுமா? கட்டடத்தையே தூக்கிச் சாப்பிட்டுரும்!" என்று புதிதாக ஓர் அட்டவணையே போட ஆரம்பித்துவிட்டார்.

மேடம்தான் உடைந்து போயிருந்தார். "நாலு வருஷமாப் பாத்துட்டு வரேன். நிறைய இருக்குன்னுல்ல நெனச்சேன். வெறும் அறுபத்திரண்டா..." கைக்குட்டை நனைந்துகொண்டிருந்தது.

வனவியல்காரர் ஜன்னலோரம் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோப்பின் முந்நூற்று நாற்பது மரங்களுக்கும் வெட்டுக்குறி போட்டுவிட்டு, எப்போது கோடரி வைக்கலாம் என்று முதல் நாளிலிருந்து எல்லோர் உயிரையும் எடுத்தவர் இவர்தான்.

"நத்தைக்கு நல்ல நேரம். அழாதம்மா தங்கச்சி. எங்க கையெழுத்து?" என்றார்.

கணக்குப் பேராசிரியருக்கு இந்த ஆளைக் கண்டாலே ஆகாது. ஒருநாள் தோப்பில் ஒரு மரத்தைத் தட்டிக்காட்டி, பிள்ளை மதிப்பெண்ணைச் சொல்லும் அப்பா மாதிரி பெருமை பேசினார்:

"மேல நெஞ்சு உயரத்துல ஒண்ணு, அடியில வேரோரம் ஒண்ணு. மரம் போனாலும் கட்டையில இருக்கிற குறி சாட்சி சொல்லும் சார். இருபத்தாறு வருஷப் பழக்கம், கை தானாப் போட்டுரும். நான் குறி போட்ட எதுவும் இதுவரைக்கும் தப்பிச்சதில்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அன்று அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் கணக்குப் பேராசிரியர் பாதியிலேயே வைத்துவிட்டு வந்தார்.

அழுகிற பெண்ணிடம் என்ன பேசுவது என்பதற்குச் சூத்திரம் எதுவும் இல்லை. அதனால் அவர் தட்டிலிருந்து ஒரு நத்தையை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உச்சியில் ரோஸ் பொட்டு. கை பட்டதும் நத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. எங்கே போனது என்று புரட்டிப் பார்த்தார்.

அடியில், வாயோரம், இன்னொரு பொட்டு.

இன்னொரு நத்தையைப் புரட்டினார். மேலே ஒன்று, அடியில் ஒன்று.

அடுத்ததும் அப்படித்தான்.

கையைக் கட்டிப் போட்டாலும் எண்ணாமல் இருக்க முடியாத மனிதர். ஒன்றுவிடாமல் புரட்டினார். இரட்டைப் பொட்டு ஐம்பத்திரண்டு. மேடம் வைத்த ஒற்றைப் பொட்டு ஆறே ஆறு. பொட்டே இல்லாதவை இரண்டு. அறுபதுக்கு அறுபது என்றால் எவனுக்காவது சந்தேகம் வரும் என்று விட்டுவைத்திருக்கிறது அந்தக் கை.

அறுபதை அறுபதால் பெருக்கி, ஆறால் வகுத்தால் தோப்பில் நத்தை அறுநூறு. தசமமே இல்லாத விடை. இவ்வளவு சுத்தமான எண் அவர் வாழ்க்கையில் வந்ததே இல்லை.

நிமிர்ந்தார். ஜன்னலோரம் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றிருந்தது.

"என்ன சார்," என்றார் வனவியல்காரர். சிரிப்பு இல்லை. "கணக்கு எங்கயாவது இடிக்குதா?"

மேடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். பொருளாதாரப் பேராசிரியரின் பேனாவும் நின்றது.

கணக்குப் பேராசிரியர் கையிலிருந்த நத்தையைத் தட்டில் நேராக, அடிப்பக்கம் தெரியாதபடி வைத்தார். எழுந்து பலகைக்குப் போனார்.

"இடிச்சுது," என்றார்.

புள்ளியையும் பூஜ்யத்தையும் ஏழையும் சட்டைக் கையால் துடைத்தார்.

"இப்ப சரியாயிடுச்சு."