பெற்றோர் அனுமதி

"கதவச் சாத்து பார்த்திபா. அந்த சன்னலையும்."

பட்டப்பகல் பதினொரு மணிக்குச் சன்னல் சாத்தினால் எங்கள் தெருவுக்கு அது போதும். கூட்டு ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பார்த்திபன், விநாயகம் வீட்டுக்குள் நுழைந்ததை நாலு வீடு பார்த்தது. சன்னல் மூடியதை ஏழு வீடு பார்த்தது.

விநாயகத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. மகள் ரஞ்சனிக்கு ஆவணியில் கல்யாணம், இன்னும் இருபதே நாள். ரவிக்கை தைக்கக் கொடுக்கிறோம் என்று மகளும் மனைவியும் ஒன்பது மணிக்கே காந்தி பஜாருக்குக் கிளம்பிவிட்டார்கள். பார்த்திபன் கடை திறந்ததும் மனிதர் போன் போட்டு அவனை வரவழைத்துவிட்டார்.

"இன்னா மாமா, வைரஸா?"

"அதெல்லாம் இல்ல. நான் இந்த லேப்டாப்புல இன்னா இன்னா பாத்தேன்னு இருக்குமே, அத்தனையும் அழிக்கணும். இனிமே பாக்கறதும் யாருக்கும் தெரியக் கூடாது."

பார்த்திபன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். இந்த வேலைக்கு அவனைக் கூப்பிடுகிறவர்கள் வழக்கமாகக் காலேஜ் பையன்கள்.

"யாருக்குன்னா... அத்தைக்கா?"

"அவளுக்கு இத ஆன் பண்ணவே தெரியாது. ரஞ்சனிக்குடா. அவ கண்ணுல பட்டுச்சின்னா கல்யாணம் நின்னுடும்."

விநாயகத்தின் நெற்றி வியர்த்திருந்தது. ஒரு மாசமாக அவர் கஞ்சியைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. மகள் கல்யாணத்துக்காக மேல்மலையனூர் அம்மனுக்கு வேண்டுதல் என்று வீட்டில் சொல்லியிருந்தார். அப்பேர்ப்பட்ட பக்திமான் தனியாக உட்கார்ந்து எதைப் பார்த்திருப்பார் என்பதில் பார்த்திபனுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் கூச்சம்.

"லிஸ்ட்டப் படிக்காத. அப்படியே அழிச்சிடு."

பார்த்திபன் அழித்தான். பிறகு பாதுகாப்பு செட்டிங்கைத் திறந்தவன், முகத்தைச் சுளித்தான்.

"மாமா, இத யாரு செட் பண்ணிக் குடுத்தது?"

"ரஞ்சனிதான். போன வருசம் கண்ட லிங்க்கயும் அமுக்கிட்டேன்னு இன்னாவோ பூட்டு போட்டா."

"பூட்டு இல்ல மாமா. கொழந்தைங்களுக்குன்னு ஒண்ணு இருக்குது. அதுல உங்கள கொழந்தன்னு போட்டுருக்குது."

"யார, என்னயா?"

"ஆமா. பெத்தவங்கன்ற எடத்துல ரஞ்சனி."

வேறொரு நாளாக இருந்தால் விநாயகமே இதை டீக்கடையில் சொல்லிச் சிரித்திருப்பார். இன்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படிப் போட்டா இன்னா ஆவும்?"

"நீங்க இன்னா தேடுனீங்க, எதத் தொறந்தீங்கன்னு ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை அவளுக்கு மெயில் போவும். இங்க நான் அழிச்சாலும் அங்க போனது போனதுதான்."

விநாயகம் விரல் மடக்கினார். அவர் ரகசியமாகத் தேட ஆரம்பித்து ஆறு வாரம். ஆறு ஞாயிறும் ரஞ்சனி எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அத மொதல்ல நிறுத்துடா!"

பார்த்திபன் அவசரமாக அமுக்கினான். திரையில் ஒரு கட்டம் எழும்பியது: 'இதை மாற்றப் பெற்றோர் அனுமதி தேவை. கேட்கலாமா?' அதையும் அதே அவசரத்தில் அமுக்கிவிட்டான்.

"முடிஞ்சிதா?"

"மாமா... அனுமதி கேட்டு ரஞ்சனி போனுக்கு மெசேஜ் போயிடுச்சு."

"அடப்பாவி, கெடுத்தியே!"

கால் மணி நேரத்தில் ஸ்கூட்டி வந்து நின்றது. ரஞ்சனி இறங்கிய வேகத்தைப் பார்த்ததும் குழாயடியில் பேச்சு நின்றது. ஒரு குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதன் சொந்தக்காரி தைலம்மாள் விநாயகம் வீட்டு வாசல்வரை வந்துவிட்டிருந்தாள்.

"இன்னிக்கு மனுசன் மாட்டினாரு," என்றாள் தைலம்மாள், யாரும் கேட்காமலே.

ரஞ்சனி கதவைத் தள்ளித் திறந்தாள். பின்னாலேயே அவள் அம்மா அன்புக்கரசி, அழுது சிவந்த கண்களோடு. பார்த்திபன் பையை எடுத்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினான்.

விநாயகம் லேப்டாப்பை மூடினார்.

"ரஞ்சி... எல்லாம் தெரியுமா உனக்கு?"

"ஆறு வாரமா தெரியும்."

"உங்கம்மாவுக்கு?"

"காலையிலதான் சொன்னேன்."

விநாயகம் பெற்ற மகள் முன்னால் இரண்டு கையையும் குவித்தார். "என்ன இன்னா வேணா திட்டும்மா. கல்யாணத்த மட்டும் நிறுத்திடாத. அது முடியட்டும், அப்புறம் நீ சொல்றத கேக்கறேன்."

தைலம்மாள் கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். மகள் கத்தப்போகிறாள் என்று தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ரஞ்சனி கத்தவில்லை. குவிந்திருந்த கைகளைப் பிரித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மாப்ள வீட்ல பேசிட்டு வந்துட்டோம், கல்யாணம் தையில வெச்சிக்கலாம் நைனா, திங்கக்கெழம நீ ரகசியமா பாத்த டாக்டர்கிட்டயே உன் தொண்டக் கட்டிக்கு ஆப்பரேசன்."