மஞ்சள் தாளில் பாதி

வேனுக்குள் லைட்டைப் போட்டதும் றோயின் நாற்பத்துமூன்று வயதும் எழுந்து நின்றது.

தலைச்சாயத்துக்குக் கீழே நரை. மூக்கோரம் அம்மைத் தழும்பு. சவரக் கத்தி தவறவிட்ட நாலு முடி.

"ஸலீம் நானா, ஏதாவது செய்ங்க. போன ரெண்டு பொண்ணு வீடும் இந்த வெளிச்சத்துல பாத்துட்டுத்தான் வேணாம்னாங்க," என்று என்னைப் பிடித்துக்கொண்டான்.

எல்லவுக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்காகப் பழைய வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்து வாடகைக்கு விடுகிறான் றோய். தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒற்றை பல்பின் கீழ் வளர்ந்தவன். கையில் கொஞ்சம் காசு புரண்டதும் வேன் கூரையில் பதினான்கு வெள்ளை விளக்கைப் பூட்டிவிட்டான்.

விற்றவன் நான்தான். பதுளையில் பல்புக் கடை வைத்துக்கொண்டு இருட்டுக்கு எவனாவது சிபாரிசு செய்வானா?

ஹாலிஎலயிலிருந்து பெண் வீட்டார் வந்துகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையோடு வேனையும் பார்க்க வேண்டுமாம். வெளியே மழை. விளக்கை அணைத்தால் பேட்டரி செத்த வேன் என்பார்கள்.

எட்டு விளக்கைக் கழற்றினேன். கடையில் பாதி மிச்சமிருந்த மஞ்சள் கண்ணாடித் தாள் சுருளைப் பிரித்து, மிச்ச ஆறுக்கும் இரண்டு மடிப்பாக ஒட்டினேன். வெளிச்சம் பால் விடாத பிளேன்டீ நிறத்துக்கு இறங்கியது.

றோய் முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தான். நரை போயிற்று. தழும்பு போயிற்று. இன்னொரு மடிப்பு போட்டால் மீசையும் போய்விடும் என்று நிறுத்திக்கொண்டேன்.

வந்தார்கள். பெண் நிஷாலினி, கூடவே அவளுடைய அத்தை கலாராணி.

அத்தை மெத்தையை அமுக்கினாள். குழாயைத் திறந்தாள். அடுப்பைப் பற்றவைத்தே பார்த்தாள். கடைசியாக மாப்பிள்ளையைப் பார்த்துத் தலையாட்டினாள்.

நிஷாலினி அவனைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் சுத்தமாக இருந்த ஸ்குரூ டிரைவரைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எங்க வீட்டுக்கு வாங்க," என்றாள் றோயிடம். "எங்க முன்னறையிலயும் இதே வெளிச்சந்தான்."

றோய் உருகிப்போனான்.

"பாத்தீங்களா நானா, ரசனை எப்புடி ஒத்துப்போகுது!" என்று என் காதைக் கடித்தான்.

ஆமாம் என்றேன்.

அந்தச் சுருளின் முதல் பாதியைப் போன செவ்வாய்க்கிழமை வாங்கிப் போனவள் அவள்தான்.

மூன்று மடிப்பாக ஒட்டினால் தாங்குமா என்று கேட்டு.