சனிக்கிழமை பின்னல்

"தலையை ஆட்டாதே கண்ணு, வகிடு கோணிக்கும். அப்புறம் ஆறு வாரம் கோணல் வகிட்டோட திரியணும்."

மிஸ் லவோன் சீப்பின் வாலால் ரெனிட்டாவின் தலையில் இன்னொரு கோடு இழுத்தாள். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் ஆகியும் பாதித் தலைதான் முடிந்திருந்தது. மேஜையில் சவுரிக் கட்டுகள், எண்ணெய் டப்பா, துணி போட்டு மூடிய ஒரு காகிதக் குவியல். எந்தப் பக்கம் போனாலும் மக்காச்சோள வயலே வரும் அந்த ஊரில், கறுப்பினப் பெண்களின் தலையைத் தொடத் தெரிந்தவள் மிஸ் லவோன் ஒருத்திதான். அதுவும் சனிக்கிழமை மட்டும்.

"எந்த ஊர் பொண்ணு நீ?"

"அலபாமா, மேம். நம்ம ஆளுங்களுக்குன்னே ஆரம்பிச்ச சின்ன காலேஜ். உங்க ஊர் யுனிவர்சிட்டியோட ஒப்பந்தம் போட்டிருக்காங்க இல்ல, அதுல வந்தேன்."

"ஓ, அந்த ஒப்பந்தமா."

இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கேக் வெட்டிப் படம் பிடித்துக்கொண்ட ஒப்பந்தம் அது. சின்னக் கல்லூரி மாணவரை அனுப்பும். பெரிய பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வரை படிக்க வைக்கும். அனுப்பியது இதுவரை இரண்டு பேர். படிப்பை முடிக்காமல் திரும்பியதும் அதே இரண்டு பேர். மூன்றாவதாக ரெனிட்டாவுக்கு இடம் கொடுத்து, ஊரைப் பார்த்துப் போகக் கூப்பிட்டிருந்தார்கள். வருகிறாளா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். இல்லை என்றால், சொந்த ஊரில் கோழிக்கறி ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் ஒரு வேலை காத்திருந்தது. ஒப்பந்தமும் அத்தோடு போய்ச் சேரும்.

"எல்லாம் சுத்திக் காட்டினாங்களா?"

"ரெண்டு நாளா காட்டினாங்க. எல்லாரும் சிரிச்ச முகம். எதைக் கேட்டாலும் அருமையான கேள்விங்கிறாங்க. பதில்தான் வரல."

மிஸ் லவோன் மூக்கால் சிரித்தாள். "யார்கிட்ட ஆராய்ச்சி பண்ணப் போற?"

"டாக்டர் விட்ஃபீல்ட்னு ஒருத்தங்க. மண் வேதியியல். அந்த டிபார்ட்மென்ட்லயே நம்ம ஆளு அவங்க ஒருத்தர்தானாம். ஏதோ வெளியூர் போயிருக்காங்கன்னு சொல்லிட்டாங்க. உங்களுக்கு அவங்களைத் தெரியுமா, மேம்?"

"இந்த ஊர்ல நம்ம ஆளுங்களே ஒரு கைப்பிடி. தெரியாம இருக்குமா?"

"எப்படிப்பட்டவங்க?"

"சிடுமூஞ்சி. ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தா ஒன்பது தடவை திருப்பி அனுப்புவா. வேலையில கெட்டிக்காரி, அதுல குறை சொல்ல முடியாது. வெளியூர்னு சொன்னாங்களா? அதெல்லாம் இருக்காது. உனக்கு முகம் கொடுக்கப் பயந்திருப்பா."

"என்னைப் பார்த்தா பயம்?"

"முன்னாடி வந்த ரெண்டு பேரும் நிக்கல இல்ல."

"ஏன் நிக்கல?"

"பையனுக்குக் குளிர் ஒத்துக்கல. அதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

"அந்தப் பொண்ணு?"

பின்னல் சட்டென்று இறுகியது. "மேம், வலிக்குது."

"மன்னிச்சுக்கோ கண்ணு." விரல்கள் தளர்ந்தன. "ஷனெல்னு பேரு. லேப்ல எவனோ ஒருத்தன், நீ ஒப்பந்தத்துல வந்தவதானேன்னு சொல்லிட்டான். அழுதுக்கிட்டே விட்ஃபீல்ட்கிட்ட வந்து நின்னா. அவ என்ன சொன்னா தெரியுமா? இதை நான் இருபது வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன், போய் வேலையைப் பாருன்னா. ஒரு வாய் காபி கொடுத்து உட்கார வைக்கத் தோணல. அடுத்த வாரம் அந்தப் பொண்ணு பெட்டியைக் கட்டிட்டா."

ரெனிட்டா மடியில் விழுந்திருந்த சவுரி இழையை எடுத்து விரலில் சுற்றினாள். நாலைந்து வருடம் யார் கையில் தலையைக் கொடுப்பது என்பதுதானே கேள்வி.

"அவங்களுக்கு அதுல வருத்தமே இல்லையா?"

"இருக்கு. சொல்லிக்கிற ஆளு இல்ல அவ."

"நான் வந்தா என்கிட்டயும் அப்படித்தான் இருப்பாங்களா?"

மிஸ் லவோன் இன்னும் இரண்டு பின்னலைப் பின்னி முடித்தாள்.

"ஒன்பது தடவை திருப்பி அனுப்பறது மாறாது," என்றாள் கடைசியில். "மத்தது மாறும். ஒரு தடவை சூடு பட்டுட்டா இல்ல."

சாயங்காலம் வேலை முடிந்தது. ரெனிட்டா கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்தாள். வகிடு ஒவ்வொன்றும் நூல் பிடித்த மாதிரி இருந்தது. பிறகு போனை எடுத்தாள், எதையோ படித்தாள், விரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"வர்றேன்னு அனுப்பிட்டேன், மேம்."

"நல்லது," என்று மட்டும் சொல்லிவிட்டு மிஸ் லவோன் குழாயடிக்குத் திரும்பினாள். சுத்தமாக இருந்த சீப்பை மறுபடி மறுபடி கழுவினாள்.

ரெனிட்டா பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய் நின்றாள்.

"ஷனெல்தான் சொல்லி அனுப்பினா. லேப்ல வச்சுக் கேட்டா ஒண்ணும் பெயராது, சனிக்கிழமை தலை பின்னப் போய்க் கேளு, கையில முடி இருக்கறப்ப அவங்களுக்குப் பொய்யே வராதுன்னு," என்றாள். "ஆகஸ்ட்ல பார்க்கலாம், டாக்டர் விட்ஃபீல்ட்."